கல்லுக்குக் கால் முளைக்க வைப்பது: ஒற்றைத் தமிழ்ச் சொல்லை அசையவிட ஒரு முழுமையான வழிகாட்டி

நாம் செய்யப்போவது ஒரே ஒரு 7 வினாடிப் படம். திரையில் "கல்" என்று இருக்கிறது. நடுவே ஒரு துணைக்கால் முளைக்கிறது. சொல் "கால்" ஆகிறது. பிறகு அது நடந்து திரையை விட்டே போய்விடுகிறது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் "அதுக்கென்ன காலா முளைச்சுது?" என்று வீட்டில் கேட்போமே, அவ்வளவுதான் விஷயம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, வேறெதுவும் கிடையாது.

பழக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் மென்பொருளைத் திறந்து, ஒரு சொல்லை அடித்து, அதில் ஏதாவது அசைவு ப்ரீசெட்டை (தயாராகக் கிடைக்கும் அசைவை) போட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து சிதறுகிறது, தமிழுக்கு இதெல்லாம் வராது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வரும். வரிசை மாறக்கூடாது, அதுதான். கீழே உள்ள வரிசையில் எதையும் தாண்டாதீர்கள்.

1. உட்காரும் முன்பு தேவையானவை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருள், ஒரு யூனிகோட் எழுத்துரு, தாள், தடித்த பேனா. கீஃப்ரேம் (எந்த ஃப்ரேமில் எந்த நிலை என்ற குறி) வைக்கவும், ஒரு லேயரை இன்னொன்றுக்குப் பேரன்ட் செய்யவும் (அது நகர்ந்தால் இதுவும் கூடவே நகரும்படி இணைக்கவும்), ஷேப் லேயரில் பாத்தை, அதாவது உருவத்தின் வெளிக்கோட்டை, திருத்தவும் தெரிந்திருந்தால் போதும்.

கம்போசிஷனை (படம் ஓடும் திரையை) 1080×1080 பிக்சல், வினாடிக்கு 25 ஃப்ரேம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பாதி வேலையில் ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்றினால் கீஃப்ரேம்கள் ஃப்ரேமுக்கு நடுவில் போய் உட்காரும். நடை அசைவில் அது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

2. சொல்லைத் தாளில் பிடியுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் போக வேண்டிய இடம் இதுதான். இங்கே மிச்சம் பிடித்த நேரம் பின்னால் எஃபெக்டுகளில் வீணாகும்.

லத்தீன் எழுத்தில் செய்த படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் வட்டமான ஓ எழுத்தைச் சூரியனாக்குவது, ஐ எழுத்தின் தலைப்புள்ளியைத் துள்ளவிடுவது போன்றவற்றைத் தமிழில் தேடுகிறார்கள். அந்த வட்டம் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது வேறு. ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி, அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறித்துப் பாருங்கள்: புள்ளி, கால், கொம்பு, சுழி, விலங்கு. பாதிப் பெயர்கள் ஏற்கெனவே உடலும் பொருளுமாக இருக்கின்றன. "கொம்பு" என்ற சொல்லின் முதல் குறியே ஒரு கொம்பு. "பந்து" என்ற சொல்லில் ந் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளியே பந்து. ப மேலே திறந்த பாத்திரம். "பால்" என்று எழுதி அதில் பாலை ஊற்றலாம். ட ஒரு படிக்கட்டின் ஒற்றைப் படி.

அடுத்து, குறியை எடுத்தால் அல்லது சேர்த்தால் இன்னொரு சொல் கிடைக்கிறதா என்று பாருங்கள். படம் – பாடம், மலை – மாலை, பல் – பால். "பல்" என்பதில் புள்ளி விழுந்தால் "பல" ஆகும். பல் விழுவதைக் காட்ட இது அருமையான வழி என்று நானும் ஒரு காலத்தில் துள்ளினேன். ஆனால் விழுந்தது ஒன்று, மிஞ்சிய சொல்லோ நிறைய என்கிறது. பார்ப்பவர் சிரிப்பதா யோசிப்பதா என்று தெரியாமல் நிற்பார். உருவம் பொருந்தினால் மட்டும் போதாது, மாறிய பிறகு கிடைக்கும் சொல்லும் அதே கதையைச் சொல்ல வேண்டும்.

கல் – கால் அந்த வகையில் கெட்டி. சேரும் குறியின் பெயர் கால், சேர்ந்ததும் கிடைக்கும் சொல் கால், அதன் வடிவம் இரண்டு கோடுகள் ஊன்றி நிற்கும் இரு கால்கள், வீட்டு வழக்கிலும் கால் முளைப்பது என்றால் காணாமல் போவது. நான்கும் ஒரே இடத்தில் முடிகின்றன.

3. காட்டாமல் சொல்லிப் பாருங்கள்

பக்கத்தில் இருப்பவரிடம் படத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "கல்லுக்குக் கால் முளைத்து நடந்து போய்விடுகிறது." முகத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தால் தொடரலாம். சொல்லும்போது "அப்புறம்... அப்புறம்..." என்று இரண்டு முறை வந்தால் அந்த யோசனையை வைத்துவிடுங்கள். 7 வினாடிக்குள் அவ்வளவு அடங்காது.

"நீளம்" என்பதை இழுத்துக் காட்டுவது, "பெரிது" என்பதைப் பெரிதாக்குவது போன்றவை இந்தச் சோதனையில் சத்தமில்லாமல் தோற்கும். எந்தச் சொல்லுக்கும் செய்யக்கூடிய ஒன்று எந்தச் சொல்லுக்கும் சொந்தமில்லை.

4. எழுத்துருவைத் தேர்வது

நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அனேக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஒற்றைச் சொல் வேலைக்கு வசதி.

எதை எடுத்தாலும் முதலில் "கார்" என்று அடித்துப் பாருங்கள். துணைக்காலும் ர வும் அடுத்தடுத்து நிற்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். சிலவற்றில் ர வுக்குக் கீழே சாய்ந்த வால் இருக்கும். நமக்கு வால் உள்ளதுதான் வேண்டும். இல்லையென்றால் நம் கால் முளைக்கும்போது பார்ப்பவர் "கரல்" என்று படித்துவிடுவார். அதன் பிறகு எவ்வளவு அழகாக நடந்தும் பயனில்லை.

தடிமன் நடுத்தரத்துக்கு மேல் இருக்கட்டும். கல் கனமாகத் தெரிய வேண்டும். தவிர, மெல்லிய கோடு நடக்கும்போது கொசுக்கால் போல ஆகிவிடும்.

5. முழுச் சொல்லையும் அடித்து, கோட்டுருவாக்குங்கள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "கல்" ஒரு லேயர், துணைக்கால் ஒரு லேயர் என்று தனித்தனியே அடிக்கப் பார்க்கிறார்கள். யூனிகோடில் துணைக்காலைத் தனியாக அடித்தால் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து நிற்கும். குறி தனியாக வாழாது, மெய் எங்கே என்று மென்பொருள் கேட்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் இல்லை; யளனகபாதமட என்று தட்டெழுத்துப் பழகியவர்களுக்குக் காலுக்குத் தனி விசை உண்டு. அவசரத்துக்கு அந்த வழி உதவும். ஆனால் எழுத்துருவை மாற்றிய மறுகணம் சொல் குப்பையாகிவிடும்.

சரியான வழி தலைகீழானது. கடைசியில் வரப்போகும் "கால்" என்பதை முழுதாக அடியுங்கள். அதைக் கோட்டுருவாக்கி, அதாவது திருத்தக்கூடிய வெளிக்கோடுகளாக மாற்றி, அதிலிருந்து காலைக் கழற்றுங்கள். முழுச் சொல்லாக அடிக்கும்போது எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை எழுத்துருவே சரியாகப் போட்டுவிடும். கால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நீங்கள் கண்ணளவில் தடவ வேண்டியதில்லை.

அதற்கு முன் ஒரு சோதனை. "கொடி" என்று அடியுங்கள். கொம்பு க வுக்கு இடப்பக்கம் வந்தால் நல்லது. வலப்பக்கம் நின்றாலோ உடைந்தாலோ, ப்ரெஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்து, புதிய லேயரில் மறுபடி அடியுங்கள். "கால்" என்று மட்டும் அடித்துப் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது, ஏனென்றால் கால் எப்படியும் வலப்பக்கம்தான் வரும். இந்தப் படம் முடிந்து அடுத்த சொல்லுக்குப் போகும்போது கழுத்தைப் பிடிக்கும்.

இனி லேயர் மெனுவில் கிரியேட், அதில் கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட். மூல டெக்ஸ்ட் லேயரை அழிக்காதீர்கள், மறைத்து வையுங்கள்.

எழுத்தெழுத்தாக அசைக்கும் டெக்ஸ்ட் அனிமேட்டரையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். "கால்" கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு: க, கால், ல, புள்ளி. "கொடி"யும் அப்படியே. எழுத்தெழுத்தாக வரவைக்கும் ப்ரீசெட் இந்த நான்கைத்தான் எண்ணுகிறது. எனவே முதலில் க வரும், பிறகு அது குதித்து கொ ஆகும். பத்தி முழுக்க அப்படித் துடித்தால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும்.

6. உறுப்புகளைப் பிரியுங்கள்

வந்த ஷேப் லேயரை மூன்றாகப் பிரதியெடுத்து, ஒன்றில் க, ஒன்றில் கால், ஒன்றில் ல் மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். உடனே பெயர் வையுங்கள். "ஷேப் லேயர் 7" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். நடை போடும்போது எது எதுவென்று தேடும் நிமிடங்கள்தான் வேலையின் சுருதியைக் கெடுக்கும்.

க வின் உள்ளே, அதன் வெளிக்கோடுகளை ஒன்றாக இணைத்து வைத்திருக்கும் மெர்ஜ் பாத்ஸைக் கழற்றினால் அதன் வயிற்றுத் துளை அடைந்துபோகலாம். தொடாதீர்கள்.

ஒரு நல் ஆப்ஜெக்ட் (கண்ணுக்குத் தெரியாத வெற்று லேயர்) உருவாக்கி "சொல்" என்று பெயரிட்டு மூன்றையும் அதற்குப் பேரன்ட் செய்யுங்கள். நடந்து போவது முழுக்க இந்த நல்லில் மட்டும் நடக்க வேண்டும். மூன்று லேயருக்கும் தனித்தனியே இடமாற்றம் வைத்தால் எங்காவது ஒரு பிக்சல் பிசகும்.

7. நேரத்தை எழுதுங்கள்

கீஃப்ரேம் வைக்கும் முன் தாளில் இதை எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

0–24: "கல்", அசைவில்லை.
25–36: ல் வலப்பக்கம் நகர்ந்து இடம் விடுகிறது.
33–52: கால் முளைக்கிறது.
53–72: "கால்", அசைவில்லை.
73–156: நடை.
157–174: வெறும் திரை.

மொத்தம் 175 ஃப்ரேம், சரியாக 7 வினாடி. புதியவர்கள் முதலில் வெட்டுவது அசைவில்லாத இடங்களைத்தான். "சும்மா நிக்குதே" என்று பயம். முதல் வினாடி முழுக்க அது சும்மா நிற்க வேண்டும். அது கல். நின்றதைப் பார்த்தவருக்குத்தான் நகர்வது வேடிக்கை. 53–72 இடைவெளி புதிய சொல்லைப் படிக்க. அதை எடுத்துவிட்டால் ஏதோ ஒன்று ஓடியது என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

8. முதலில் நிற்கும் படங்கள்

0, 30, 60, 110 ஆகிய ஃப்ரேம்களில் சொல் எப்படி இருக்கும் என்று அசைவில்லாமல் நான்கு படங்கள் செய்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 0-இல் "கல்", 60-இல் "கால்" என்று தயங்காமல் வர வேண்டும்.

நடுவில் வைப்பதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். "கால்" திரையின் நடுவில் வரும்படி வைத்தால் "கல்" கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். க வை இடத்துக்கும் ல் லை வலத்துக்கும் பாதிப்பாதி நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். நான் செய்வதில்லை. கல் தானாக ஒதுங்கி வழிவிட்டால் அது கல் இல்லை. க அசையாமல் இருக்கட்டும், ல் மட்டும் நகரட்டும்.

9. முளைக்க வைப்பது

காலின் உயரத்தை ஸ்கேலில் பூச்சியத்திலிருந்து நூறுக்கு இழுப்பதுதான் கைக்கு வரும் முதல் வழி. அப்படிச் செய்தால் மேல்கோடு முதலில் நூலாகி, பிறகு தடிக்கும். எழுத்தின் தடிமன் மாறினால் அது எழுத்தாகத் தெரியாது, ரப்பராகத் தெரியும்.

பதிலாக, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்கு மேலே ஒரு செவ்வகம் வரைந்து அதைக் காலுக்கு ஆல்ஃபா மேட்டாகக் கொடுங்கள்; செவ்வகத்துக்குள் வரும் பகுதி மட்டும் தெரியும். காலை அதன் உயரம் முழுக்கக் கீழே இறக்கி, 33-இலிருந்து 52-க்குள் மேலே ஏற்றுங்கள். காளான் போல முதலில் தலை எட்டிப்பார்க்கும், பிறகு இரண்டு கோடுகளும் வரும். வேகமாகத் தொடங்கி மெதுவாக நிற்கட்டும்.

ல் நகர்வதோ மெதுவாகத் தொடங்கட்டும், போய்ச் சேர்ந்ததும் அப்படியே நிற்கட்டும். துள்ளல் வேண்டாம். துள்ளினால் பஞ்சு.

53-ஆம் ஃப்ரேமில் கால் லேயரை கன்ட்ரோல் ஷிஃப்ட் டி அழுத்தி இரண்டாக வெட்டி, பின்பாதிக்கு மேட்டை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் சொல் நடந்து போகும், செவ்வகம் அங்கேயே நிற்கும், கால் பாதியில் அறுந்துபோகும். இதே காரணத்துக்காக ஒரு முழு மாலை தேடியிருக்கிறேன்.

10. நடக்க வைப்பது

என் படத்தின் அளவுகளை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையதை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். "கால்" 480 பிக்சல் அகலம், நடுவில் நிற்பதால் அதன் இடது ஓரம் 300-இல் இருக்கிறது. முழுதாக வெளியேற 780 பிக்சல் போக வேண்டும். காலின் உயரம் 200.

இயல்பான நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃப்ரேம் என்பது அனிமேஷனில் பழகிய கணக்கு. அடி 60 பிக்சல் என்று வைத்தால் 13 அடி, ஆறு வினாடிக்கு மேல் இழுக்கும். அதற்குள் கைவிரல் அடுத்த படத்துக்குத் தள்ளியிருக்கும். அடியை 130 ஆக்கினேன். நின்ற நிலையிலிருந்து ஓர் அரை அடி 65, பிறகு ஆறு முழு அடி 780, ஆக 845. ஏழு முறை 12, மொத்தம் 84 ஃப்ரேம்.

இப்போது பாதம். கால் ஒரே பாத்தாக இருக்கும். இடக் கோட்டின் அடியில் உள்ள முனைகள் ஒரு பாதம், வலக் கோட்டின் அடி முனைகள் இன்னொன்று. இவற்றை மட்டுமே நகர்த்தப் போகிறோம்; மேல்கோட்டைத் தொட வேண்டாம்.

ஊன்றிய பாதம் தரையில் வழுக்கக் கூடாது. நடையில் எல்லோரும் தோற்கும் இடம் இது. சொல் 12 ஃப்ரேமில் 130 முன்னே போனால், ஊன்றிய பாதம் சொல்லுக்குள் அதே 130 பின்னே வர வேண்டும்: பாதம் நின்ற இடத்தை 0 என்றும், முன்னே +, பின்னே − என்றும் வைத்தால், +65-இலிருந்து −65-க்கு. அப்போதுதான் திரையில் அது நகராமல் நிற்கும். தூக்கிய பாதம் −65-இலிருந்து +65-க்குப் போகும். நடுவே, ஆறாம் ஃப்ரேமில், 25 பிக்சல் மேலே தூக்குங்கள். அந்த நடு கீஃப்ரேமில் ஊன்றிய பாதம் சரியாக 0-இல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே பாத் என்பதால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கை பட்டு நகர்ந்திருக்கும்.

நல்லின் கீஃப்ரேமும் பாத்தின் கீஃப்ரேமும் ஒரே வகையாக இருக்க வேண்டும், இரண்டும் லீனியர், அதாவது ஒரே சீரான வேகம். அழகாக இருக்கட்டும் என்று நல்லுக்கு மட்டும் ஈஸி ஈஸ் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பது) போட்டீர்களானால் கால் ஐஸ் மேல் நடப்பது போல வழுக்கும். முதல் அரை அடிக்கு மட்டும், இரண்டுக்கும் ஒரே அளவில், மெதுவான தொடக்கம் கொடுக்கலாம்.

இன்னொன்று. 200 பிக்சல் கோடு 65 பிக்சல் சாய்ந்தால் அதன் நீளம் 210 ஆகிவிடும். அடிக்கு அடி கால் நீண்டு சுருங்குவது போலத் தெரியும். இரண்டு பாதமும் விரிந்து நிற்கும் ஃப்ரேம்களில் சொல்லை 10 பிக்சல் கீழே இறக்கி, பாதங்களைச் சொல்லுக்குள் 10 பிக்சல் மேலே ஏற்றுங்கள். நீளம் மறுபடி 200-க்கு வந்துவிடும், பாதம் தரையிலேயே இருக்கும். நடக்கிறவரின் தலை ஏறி இறங்குகிறதே, அதுவும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

க கனமாக இழுபடட்டும் என்று அதை இரண்டு ஃப்ரேம் தாமதமாக வரவிட்டும் பார்த்தேன். இந்த வேகத்தில் இரண்டு ஃப்ரேம் என்பது 22 பிக்சல் இடைவெளி. பார்த்தவர் க தனி, ரல் தனி என்று படித்தார். எடுத்துவிட்டேன்.

11. கழிப்பது

தரைக்கோடு போட்டிருந்தால் எடுங்கள். கோடு வந்ததுமே க வும் ல் லும் தரையில் உரசுவது தெரிந்துவிடும். நிழலும் அப்படியே. மோஷன் ப்ளர் (அசைவு மங்கல்) போட்டால் பாதத்தின் முனை மங்கி, நீங்கள் உழைத்த ஊன்றல் காணாமல் போகும்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அணைத்தும் வேடிக்கை புரிந்தால் அது தேவையில்லாதது. ஒலி வேண்டுமென்றால் ஆறேழு காலடிச் சத்தம் போதும், ஆனால் ஒலியில்லாமலும் புரிய வேண்டும். பேருந்தில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்து வைத்துப் பார்ப்பவர்கள்தான் நிறைய.

12. வெளியே எடுப்பது

எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பு. அனுப்பும் முன் உங்கள் கைபேசியில், கை நீட்டிய தூரத்தில் ஒருமுறை பாருங்கள். ல் மேலுள்ள புள்ளி தெரியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். புள்ளி போனால் "கல்" என்பது "கல" ஆகிவிடும்.

படம் தானாகத் திரும்ப ஓடும் இடங்களில் கடைசி வெறும் திரை உதவும். சொல் போன வேகத்தில் முதல் ஃப்ரேம் வந்தால் அது திரும்பி வந்த மாதிரி இருக்கும். 18 ஃப்ரேம் காலியாக இருந்துவிட்டு "கல்" வந்தால், இன்னொரு கல்லைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும்.

முகப்புப் படமாக எதை வைப்பது என்று கேட்கும்போது "கால்" உள்ள ஃப்ரேமைத் தேர்ந்துவிடாதீர்கள். 0-ஆம் ஃப்ரேம், வெறும் "கல்".